உப்புக்காத்துல நிக்கிற மார்வாரிப் பெட்டைக் குதிரை, ஆறு வாரத்துல காட்சி: எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

தேவிபட்டினம்_செவலை:

மார்வாரி இனப் பெட்டைக் குதிரை, வயசு நாலு. ஆறு வாரத்துல குதிரைக் காட்சிப் போட்டி. நல்ல செவலை, நாலு காலும் வெள்ளை, நெத்தியில இருந்து மூக்கு வரைக்கும் பட்டை. கையில பிடிச்சு நிறுத்திக் காட்டுற பிரிவுதான், சவாரி கிடையாது.

லாயத்துக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம். போர் தண்ணி உப்பு. காவிரித் தண்ணி குழாய்ல வர்ற அன்னிக்குப் பிடிச்சு வச்சாத்தான் உண்டு. சாயங்காலம் கடல்ல இறக்கிக் குளிப்பாட்டி, வாரம் ரெண்டு தடவை சோப்பு போடுறோம். ஆனாலும் ரோமத்துல பளபளப்பே இல்ல. முதுகுல செவலை வெளுத்துத் துரு நிறமாத் தெரியுது. வெள்ளைக் கால் மஞ்சளடிச்சுக் கிடக்கு. வாலடியைச் சுவத்துல உரசி உரசி மேல் முடி கட்டையாப் போச்சு. குளம்பு ஓரம் சில்லு சில்லாப் பேருது. வாலுக்குத் தேங்காய் எண்ணெய் வச்சா மணல் அப்பிக்குது.

எதை முதல்ல பாக்கணும், எதைக் கடைசி நாளுக்கு வைக்கணும்? லாடம் எப்போ அடிக்கிறது? தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்கண்ணே.

கீழக்கரை_லாயம்:

தம்பி, முதல்ல அந்தச் சோப்புக் கட்டியைத் தூக்கி ஓரமா வைங்க. உங்க போர் தண்ணியில உப்போட சுண்ணாம்புச் சத்தும் கிடக்கும். சோப்பு அதோட சேர்ந்தா நுரைக்காது, வெள்ளைப் பிசுக்கா மாறி ரோமத்துல ஒட்டிக்கும். மேற்கொண்டு அதே தண்ணியை எத்தனை வாளி ஊத்தினாலும் போகாது. மங்கலுக்குப் பாதிக் காரணம் அதுதான். குதிரை ஷாம்பு கிடைச்சா அது, இல்லாட்டி வாசனை குறைஞ்ச சாதா ஷாம்பு. நேரா முதுகுல ஊத்தாதீங்க. அரை வாளித் தண்ணியில ரெண்டு மூடி கலக்கி, பஞ்சுல தொட்டுத் தேய்ங்க. அலசுறதுக்கு போர் தண்ணி போதும். கடைசி அலசல் மட்டும் காவிரித் தண்ணி, ரெண்டு குடம். அதுல பத்து லிட்டருக்கு நூறு மில்லி வெள்ளை வினிகர் கலந்தா மிச்சப் பிசுக்கும் விடும். கண்ணுல படாமப் பாத்துக்கங்க, தோல்ல புண் இருந்தா வினிகர் வேண்டாம்.

கடல்ல இறக்குறது தப்பில்ல. காலுக்கு நல்லதுதான். ஆனா கரையேறினதும் அப்படியே கட்டிப் போடுறது இங்க வழக்கமாப் போச்சு. காஞ்ச உப்பு ரோமத்து அடியில தங்கி, ராத்திரி ஈரக்காத்து பட்டதும் மறுபடி கசியும். அரிப்பு அதுல இருந்தே ஆரம்பிக்கும். வேர்வையும் உப்பும் மேல இருக்க, வெயில்லயும் நின்னா செவலை வெளுக்காம என்ன செய்யும்? கடல்ல இறக்கினா உடனே நல்ல தண்ணியில அலசணும், தகட்டால தண்ணியை வழிச்சு விடணும், நிழல்ல காயவிடணும். அதுக்குத் தண்ணி இல்லாத நாள்ல கடலே வேண்டாம். பத்துல இருந்து நாலு மணி வரைக்கும் கொட்டகைக்குள்ள இருக்கட்டும். ஏற்கனவே வெளுத்த முடி திரும்பாது, புது முடி வந்தாத்தான் நிறம்.

ஷாம்பு பத்து நாளைக்கு ஒரு தடவை போதும். பளபளப்பு தேய்ப்புல வர்ற சமாச்சாரம். தினம் அரை மணி நேரம் ஒதுக்குங்க. முதல்ல ரப்பர் சீப்பு. கழுத்துல ஆரம்பிச்சு பின்தொடை வரைக்கும் வட்டம் வட்டமா, கொஞ்சம் அழுத்தி. உள்ள இருக்கிற மண்ணும் பொடுகும் செத்த முடியும் மேல வரும். முகத்துலயும் முட்டிக்குக் கீழயும் ரப்பர் சீப்பு போடாதீங்க, எலும்பு மேல தோல் மட்டும்தான் இருக்கு, வலிச்சா உதைக்கும். அடுத்து கெட்டி நார் பிரஷ், முடி போற போக்குல சின்னச் சின்ன வீச்சா. அப்புறம் மெல்லிசு மயிர் பிரஷ். உடம்போட வெயிட்டைக் கையில கொடுத்து நீளமா இழுங்க. நாலு இழுப்புக்கு ஒருதரம் பிரஷ்ஷை இரும்புச் சீப்புல தட்டிச் சுத்தம் பண்ணுங்க, இல்லாட்டி எடுத்த அழுக்கை மறுபடி பூசுறீங்க. கடைசியில பழைய பருத்தித் துண்டால துடைப்பு. தோல்ல ஊறுற எண்ணெய்ப் பசை இப்படித்தான் முடி நுனி வரைக்கும் வரும். இதே எண்ணெயைச் சோப்பு போட்டுக் கழுவிட்டு, மேல தேங்காய் எண்ணெயைத் தடவுறதுல என்ன லாபம்?

வாலுக்கு: ஒட்டின மணலை எண்ணெயோட எடுக்க, சோளமாவைத் தூவிப் பத்து நிமிஷம் விட்டு உதறுங்க, அப்புறம் ஷாம்பு. சீயக்காய் உடம்புக்குப் போடலாம், வெள்ளைக் காலுக்கு வேண்டாம், துகள் தங்கிப் பழுப்பு ஏறும். வாலை மேல இருந்து சீப்பால இழுக்கவே கூடாது. ஒரு கையால நடுவுல பிடிச்சுக்கிட்டு, நுனியில இருந்து விரலால சிக்கெடுத்து மேல ஏறுங்க. வால் முடி நீளமா வளர வருஷக் கணக்காகும், பிடுங்கறதுக்கு ஒரு நிமிஷம் போதும்.

வண்டிப்_பந்தயம்:

குளம்புக்கு இவ்வளவு யோசனை எதுக்கு? பழைய எஞ்சின் ஆயிலைத் துணியில தொட்டு ஒரு இழுப்பு. கண்ணாடி மாதிரி நிக்கும். எங்க பந்தயக் குதிரைக்கெல்லாம் அதுதான்.

லாடம்_தொண்டி:

நிக்கும், கூடவே குளம்புக்கு மேல ரோமம் சேர்ற விளிம்புல தோல் வெந்து முடியும் உதிரும். குளம்பு வளர்றதே அந்த விளிம்புல இருந்துதான். கழிவு ஆயில்ல உலோகத் தூளும் கரியும் இருக்கு, அதை அங்க பூசுறதுக்குச் சும்மா இருக்கலாம்.

செவலைத் தம்பிக்கு: ஓரம் பேர்றதுக்குக் காரணம் நனையுறதும் காயுறதும் மாறி மாறி நடக்கிறது. சாயங்காலம் கடல்த் தண்ணி, மறுநாள் கொதிக்கிற மணல். குளம்பு ஊறி விரிஞ்சு, காஞ்சு சுருங்கி, ஆணி ஓட்டையைச் சுத்தி விரிசல் விடும். நாள் கணக்கு இப்படி வைங்க. இந்த வாரமே குளம்பு சீவி, விருப்பம்னா லாடம். அடுத்தது காட்சிக்கு ஏழு நாள் முந்தி. அஞ்சு வார இடைவெளி சரியா இருக்கும். காட்சிக்கு முதல் நாள் மட்டும் யாரையும் கூப்பிடாதீங்க. ஒரு ஆணி உயிர்ச் சதைக்குப் பக்கத்துல போயிருந்தா நொண்டல் அன்னிக்கே தெரியாது, மறுநாள் ரெண்டாம் நாள்தான் காலைத் தூக்கும். ஏழு நாள் இருந்தா ஆணியைப் பிடுங்கி ஆத்திக்கலாம்.

லாடம் இல்லாமலும் காட்டலாம். அப்படின்னா சீவினப்புறம் விளிம்பை அரத்தால சுத்தி உருட்டி விடச் சொல்லுங்க, கூர் விளிம்பு இருந்தாத்தான் சில்லு பேரும். இன்னொண்ணு, சில பேர் மினுமினுப்புக்காகக் குளம்போட முன் சுவரையே மேல இருந்து கீழ வரைக்கும் அரம் போட்டு வழவழன்னு ஆக்குவாங்க. பாக்க அழகா இருக்கும், ஆனா ஈரத்தை உள்ள காப்பாத்துற மேல் பூச்சு போயிடும். பொருத்தின ஆணி முனை வளைவுக்குக் கீழ மட்டும் அரம் படட்டும்.

தினம் ரெண்டு வேளை கொக்கியால குளம்படி சுத்தம் பண்ணுங்க. குதிகால்ல இருந்து முன்பக்கமா இழுக்கணும், நடுவுல முக்கோண மெத்தை இருக்கே, அதோட ரெண்டு ஓரப் பள்ளத்தையும் விடாம. சீமைக்கருவேல முள் இங்கதான் ஒடிஞ்சு நிக்கும். கறுப்பா கசிஞ்சு நாறினா அழுகல். ஈர வைக்கோலை மாத்தி, பள்ளத்தைக் காய வச்சு, மயில்துத்தம் நூறு மில்லி தண்ணிக்கு ரெண்டு கிராம் கரைச்சுப் பஞ்சுல தொட்டு வைங்க. பச்சைச் சதை தெரிஞ்சா மயில்துத்தம் வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்க.

பாண்டியர் காலத்துல இந்தக் கரையோரம் அரபுக் குதிரை கப்பல் கப்பலா இறங்கினது தெரியும்தானே. 13-ம் நூற்றாண்டுக் கடைசியில வந்த மார்க்கோ போலோ, இங்க லாடம் கட்ட ஆளே இல்ல, குதிரைக்குச் சோறும் கறியும் ஆக்கிப் போடுறாங்க, அதான் சாகுதுன்னு எழுதி வச்சிருக்கார். ஆள் பஞ்சம் இன்னிக்கும் தீரல. அதனால இப்பவே நாள் சொல்லி வைங்க.

கால்நடை_இராமநாதபுரம்:

வாலடி உரசலை அழகுப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். நான்கு காரணங்களைச் சோதியுங்கள்.

பெட்டைக் குதிரை என்பதால் முதலில் மடியைப் பாருங்கள். இரண்டு காம்புகளுக்கும் நடுவில் கறுத்த, பிசுபிசுப்பான அழுக்கு திரண்டிருக்கும். அந்த அரிப்பைக் குதிரையால் எட்டிச் சொறிய முடியாது, வாலைத்தான் உரசும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்து எடுங்கள், சோப்பு வேண்டாம். பக்கவாட்டில் உடலோடு ஒட்டி நின்று செய்யுங்கள், பின்னால் நிற்காதீர்கள்.

அடுத்து ஆசனவாயைச் சுற்றி வெளிர் மஞ்சள் பிசின் போலக் காய்ந்திருக்கிறதா? அது ஊசிப்புழுவின் முட்டை. சாணத்தில் தேடினால் பெரும்பாலும் அகப்படாது, தோலில் ஒளிநாடாவை ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். புழு மருந்து எடைக்கு ஏற்பக் கொடுக்க வேண்டியது. ஐவர்மெக்டின் என்றால் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், வாய்வழியாக. மாட்டுக்கான ஊசி மருந்தைக் குதிரைக்குப் போடச் சொல்பவர்களிடம் கேட்காதீர்கள்.

மூன்றாவது சிறு கொசு போன்ற பூச்சி. விடியலிலும் அந்தியிலும் கடிக்கும். பிடரி அடியிலும் வாலடியிலும் தடித்துத் திட்டுத் திட்டாக முடி உதிரும். இந்தப் பூச்சிக்குப் பலமாகப் பறக்க வராது. லாயத்தில் ஒரு பெரிய மின்விசிறி போட்டால் பாதி குறையும். அந்தி நேரத்தில் கடலோரம் நிறுத்தாதீர்கள். மூடிய லாயத்தில் வேப்பிலைப் புகை போட்டால் பூச்சி போகும், கூடவே குதிரைக்கு இருமலும் வரும்.

நான்காவது உண்ணி. காதுக்குள், வாலடியில், தொடையிடுக்கில். இங்கே ஒரு எச்சரிக்கை: மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் கலந்த மருந்தைக் குதிரைமீது போடவே கூடாது. குடல் அசைவு நின்று பெருங்குடல் அடைத்துக்கொள்ளும், உயிரே போகலாம். கடைக்காரர் "எல்லா மிருகத்துக்கும் ஆகும்" என்று சொன்னாலும் லேபிளைப் படியுங்கள்.

தீவனத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. தவிடு அதிகம் போகிறதென்றால் குறையுங்கள். அதில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. மாதக்கணக்கில் அப்படியே போனால் எலும்பு பலவீனப்பட்டு முக எலும்பு உப்பும். ரோமத்துக்கு ஆளி விதை நல்லது, அரைத்த உடனே நாளுக்கு நூறு கிராம் வரை. அல்லது தவிட்டு எண்ணெய் முப்பது மில்லியில் தொடங்கி, பத்து நாளில் நூறு மில்லிக்கு ஏற்றலாம். ஒரேயடியாக ஊற்றினால் கழியும். பலன் ரோமத்தில் தெரிய நான்கு வாரமாவது ஆகும், ஆகவே இன்றே தொடங்கினால்தான் உண்டு.

மணல் தரையில் தீவனம் போடுகிறீர்களா? குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும், அது பெருங்குடலில் தங்கி வயிற்றுவலி வரும். ஆறு லத்தி உருண்டைகளைத் தெளிவான பையில் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். அடியில் மணல் படிந்தால் உடனே சிமெண்ட் தொட்டிக்கு மாறுங்கள். சீமைக்கருவேல நெற்று உதிரும் இடத்திலும் கட்டாதீர்கள், அளவு மீறித் தின்றால் அதுவும் அடைக்கும்.

காட்சி வேறு மாநிலத்தில் என்றால் கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனைச் சான்று கேட்பார்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய், 2009-ம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரத்த மாதிரி அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்குப் போய் முடிவு வர நாளாகும். கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்ட தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினம்_செவலை:

மடியில நீங்க சொன்ன மாதிரியே கறுப்பா இருந்துச்சு டாக்டர், கொஞ்சம் கொஞ்சமா எடுக்கிறோம். வாலடியில மஞ்சப் பிசின் இல்ல. தவிடு நிறையத்தான் போகுது, குறைக்கிறோம்.

வெள்ளைக் காலுக்குச் சொட்டு நீலம் போடலாமான்னு ஒருத்தர் சொல்றார். அப்புறம் மீசை முடி, காது முடி எல்லாம் வழிக்கணுமா? பிடரியைப் பின்னணுமா?

வளையத்தோரம்:

சொட்டு நீலம் துணிக்கு. ரோமத்துல சமமாப் பிடிக்காது, நனைஞ்ச இடத்துல ஊதா, நனையாத இடத்துல மஞ்சள். மிருகத்துக்குன்னே ஊதா நிற ஷாம்பு இருக்கு, அதையும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல விடாதீங்க. மஞ்சளுக்கு மூல காரணம் மூத்திரம் ஊறின வைக்கோல். காலையும் மாலையும் ஈரத்தை அள்ளி எடுத்தாலே புதுக் கறை வராது. காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் காலைக் கழுவி, துண்டால ஒத்தி, லேசா ஈரம் இருக்கும்போதே சோளமாவை அப்பிக் காய விடுங்க. மறுநாள் காலையில பிரஷ்ஷால தட்டி உதறினா கறையோட போகும். மாவு மிச்சம் இருந்தா நடுவர் காலைத் தடவும்போது கையில ஒட்டும், அசிங்கம். குளம்புக்கு மேல குழியில பக்கு பக்கா ஒட்டியிருந்தா அதைப் பிய்க்காதீங்க, அது ஈரப்புண், டாக்டர் வேலை.

மீசை முடியைத் தொடாதீங்க. இருட்டுலயும் தொட்டிக்குள்ளயும் வாய்க்கு எதிர்ல என்ன இருக்குன்னு குதிரைக்குச் சொல்றதே அதுதான். உலகக் குதிரை விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. 2021 ஜூலை 1 முதல், மீசை முடி வழிச்ச குதிரையைத் தன்னோட போட்டியில இறக்கவே விடுறதில்ல. உங்க காட்சியில அந்த விதி இல்லாட்டியும் வழிக்கிறதால ஒரு மார்க்கும் கூடாது. காதுக்குள்ளயும் சவரம் வேண்டாம், பூச்சி புகும். காதோட ரெண்டு ஓரத்தையும் விரலால சேர்த்துப் பிடிச்சு, வெளிய நீட்டுற முடியை மட்டும் கத்தரிங்க. மார்வாரிக்கு முதல் பார்வையே காது மேலதான், நுனி ரெண்டும் உள்வாங்கித் தொடுறது சுத்தமாத் தெரியணும். தலைக்கயிறு உக்கார்ற இடத்துல, காதுக்குப் பின்னால ரெண்டு விரல் அகலம் கத்தரிச்சா கயிறு சரியாப் பதியும்.

பிடரியைச் சின்னச் சின்ன உருண்டையாப் பின்னித் தைக்கிறது தரோபிரெட் குதிரைக்கு உள்ள பாணி. மார்வாரிக்கு நீளப் பிடரிதான் அழகு, அவிழ்த்து ஒரே பக்கமா விழ விடுங்க. எதிர்ப்பக்கம் சாயுற முடியை ஒரு வாரம் தளர்வாப் பின்னி வச்சா படியும். ரப்பர் பேண்டை இறுக்கிப் போட்டு நாள் கணக்கா விட்டா அந்த இடத்துலயே முடி ஒடியும், தினம் அவிழ்த்துக் கட்டுங்க. மருதாணி, சாயம் எதுவும் வேண்டாம். நிறத்தையும் சுழியையும் பாக்கிற நடுவர் முன்னாடி சாயம் போட்ட குதிரையைக் கொண்டு போனா, எதை மறைக்கிறீங்கன்னுதான் தேடுவார்.

சோப்பு, சீப்பு எல்லாம் சரி, நிக்கப் பழக்கினீங்களா? பாதிப் பேர் கோட்டை விடுறது அதுலதான். தினம் அஞ்சு நிமிஷம் போதும், கெட்டித் தரையில. நாலு காலும் நடுவருக்குத் தெரியணும். அவர் பக்கம் இருக்கிற முன்கால் ஒரு அடி முன்ன, பின்கால் கொஞ்சம் பின்ன. நேரா நடந்து, திரும்பி, துள்ளு நடையில வர்றதையும் பழக்குங்க. திருப்பும்போது குதிரையை வலது பக்கமாத் தள்ளித் திருப்பணும், உங்களைச் சுத்தி இழுத்தா உங்க காலை மிதிக்கும். ரேவால் நடை, அதாவது மார்வாரியோட குலுக்காத இயல்பு நடை, இருக்குன்னா நடுவர் கேப்பார், அவசரப்படுத்தினா அது கலைஞ்சு வெறும் ஓட்டமாயிடும். கயிறைக் கையில சுருட்டிக்காதீங்க, மடிச்சுப் பிடிங்க.

வாயைத் திறந்து பல் காட்டவும் பழக்கணும். நாலு வயசுக்கு மேல் கீழ் ரெண்டு தாடையிலயும் முன்பல்லுல நடு ரெண்டும் அதுக்குப் பக்கத்துல ரெண்டுமா நாலு நிலைப்பல் இருக்கும், ஓரப்பல் இன்னும் பால்பல்தான். நிறைய இடத்துல வயசுப் பிரிவைப் பல்லை வச்சுத்தான் பிரிக்கிறாங்க, பேர் கொடுக்கும்போதே சரியான பிரிவான்னு பாத்துக்கங்க.

கீழக்கரை_லாயம்:

வளையத்தோரம் சொன்னதோட கடைசி நாள் கணக்கையும் சேர்த்துக்கங்க. முழு ஷாம்பு ரெண்டு நாள் முந்தி. அன்னிக்கே போட்டா எண்ணெய்ப் பசை போய் ரோமம் சிலிர்த்து நிக்கும். முதல் நாள் சாயங்காலம் வெள்ளைக் காலும் வாலும் மட்டும். வாலை நனைச்சு மேல்பகுதியில துணிப்பட்டை சுத்தினா முடி படியும், ஆனா இறுக்கமா வேண்டாம், ரெண்டு மணி நேரத்துல அவிழ்த்துடுங்க, ரத்தம் ஓடாம வாலே கெட்டுப் போன கதை உண்டு. காலையில தேய்ப்பு, துண்டு, தனித்தனித் துணியால கண்ணு, மூக்கு, வாலடி.

மினுமினுப்புக்கு சிலிக்கோன் ஸ்பிரே வால்லயும் பின்தொடையிலயும் போடலாம். முதுகுல போட்டா பின்னால சவாரி பண்ணும்போது சேணம் வழுக்கும். மூக்கு, கண்ணு ஓரம் எண்ணெய் மினுக்கு வைக்கிறாங்களே, உங்க குதிரைக்கு மூக்குப் பட்டைக்குக் கீழ இளஞ்சிவப்புத் தோல் இருந்தா வேண்டாம். எண்ணெய் வச்சு வெயில்ல நின்னா வெந்து உரியும். அங்க துத்தநாக களிம்புதான், அதுவும் முந்தின நாட்கள்ல, காட்சி அன்னிக்கு வெள்ளையாத் தெரியாம துடைச்சுடுங்க.

வண்டிப் பயணம்: லாரித் தளத்துல மணலும் மேல கயித்துப் பாயும் போடுங்க, வழுக்காது. மூணு நாலு மணி நேரத்துக்கு ஒருக்க நிறுத்தித் தண்ணி காட்டுங்க. வெளியூர்த் தண்ணி வாசனை மாறினா குடிக்காது, குடிக்காட்டி வயிறு கட்டும். அதுக்கு இப்ப இருந்தே தினம் ஒரு வாளியில கொஞ்சம் கருப்பட்டி கரைச்சுக் கொடுத்துப் பழக்குங்க. போன இடத்துலயும் அதே கருப்பட்டி போட்டா எந்தத் தண்ணியும் சொந்தத் தண்ணிதான்.

லாடம்_தொண்டி:

குளம்பு எண்ணெயை லாயத்துல பூசிட்டு மணல்ல நடத்திக் கொண்டு போகாதீங்க, காட்சி வளையத்துக்குப் போகும்போது மைதா தூவின பணியாரம் மாதிரி இருக்கும். வாசல்ல ஒரு பலகை இல்லாட்டி சாக்கு விரிச்சு அது மேல நிறுத்தி, ஈரத் துணியால துடைச்சு, காஞ்சதும் மெல்லிசா ஒரு பூச்சு, உடனே காஞ்ச துணியால ஒத்தி எடுக்கணும். பிரஷ் விளிம்பு ரோமத்துல படாம இருக்கட்டும், வெள்ளைக் கால்ல எண்ணெய்ச் சொட்டு விழுந்தா அங்க வச்சு எடுக்க முடியாது.

தேவிபட்டினம்_செவலை:

சரிண்ணே. லாடக்காரருக்கு இன்னிக்கே சொல்லி வச்சாச்சு. லத்தியைப் பையில கரைச்சுப் பாத்தோம் டாக்டர், அடியில ஒரு விரக்கடை மணல் நிக்குது. எவ்வளவு இருந்தா ஆபத்து?

கால்நடை_இராமநாதபுரம்:

விரற்கடை என்பது அதிகம்தான். இன்றே தரையில் தீவனம் போடுவதை நிறுத்துங்கள். தானியத்துக்கு முன்னால் வைக்கோலோ புல்லோ நிறையக் கொடுங்கள், மணலைத் தள்ளிக்கொண்டு வருவது நார்தான். இசப்கோல் கொடுக்கும் முறையும் உண்டு, அளவு குதிரையின் எடையைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு வாருங்கள் அல்லது அங்கிருந்து மருத்துவரை வரச் சொல்லுங்கள். அதற்குள் குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தரையைக் காலால் பறித்தாலோ, லத்தி நின்றாலோ காத்திருக்க வேண்டாம். தீவனத்தை எடுத்துவிட்டு உடனே அழையுங்கள். அன்றைக்குத் தவிட்டு எண்ணெயையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போனால் அது வேறு வினை.